பகடை உருட்டிப் படைத்த ஊர்

கற்பனைக் கதைகளில் வீரர்கள் எவ்வளவு தொலைவு அலைந்தாலும், எத்தனை அரக்கர்களை வென்றாலும், இரவுக்கு ஓர் ஊர் வந்து சேர்ந்தாக வேண்டும். மழுங்கிய வாளைத் தீட்டக் கொல்லர் வேண்டும். காயத்துக்குப் பச்சிலை வைத்துக் கட்ட ஒருவர் வேண்டும். படுக்கச் சத்திரத்துத் திண்ணையேனும் வேண்டும். கதை எழுதுபவருக்கு இது பெரிய தொல்லையன்று. தேவையான இடத்தில் ஒரு கொல்லரை நிறுத்தி, இரண்டு வரி பேசவைத்து அனுப்பிவிடலாம். மற்ற வீடுகளின் கதவுகள் சாத்தியே கிடக்கும். அவற்றை யாரும் தட்டப்போவதில்லை.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில் அப்படித் தப்பிக்க இயலாது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற ஆட்டத்தை அறியாத அன்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம்: ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர். எஞ்சிய ஒருவர் ஆட்டத்தை நடத்துபவர். உலகம் முழுவதும் அவர் பொறுப்பு. மற்றவர்கள் தம் பாத்திரம் செய்வதைச் சொல்கிறார்கள். அதன் விளைவை அவர் சொல்கிறார். ஐயமான இடங்களில் பகடை தீர்ப்பளிக்கிறது. நம் தாயக்கட்டைக்கு நான்கு முகம்; இவர்களுடைய பகடைகளில் ஒன்றுக்கு இருபது முகம். ஆடுபவர் எந்தத் தெருவிலும் நுழையலாம், எந்தக் கதவையும் தட்டலாம். "இந்த மூன்றாவது வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று அவர் கேட்கும்போது நடத்துபவரிடம் பதில் இருந்தாக வேண்டும்.

அந்தப் பதிலுக்காகவே அட்டவணைகள் பிறந்தன. 1979-இல் வெளிவந்த இந்த ஆட்டத்தின் நடத்துநர் கையேட்டில், நிலவறையின் அறைகள் முதல் நகரத் தெருவில் எதிர்ப்படுவோர் வரை பகடையிட்டுத் தெரிந்துகொள்ள வரிசை வரிசையாகப் பட்டியல்கள் உண்டு. மலையில் நடந்தால் ஒரு பட்டியல், காட்டில் நடந்தால் வேறொன்று, சதுப்பில் நடந்தால் இன்னொன்று. இதைப் படிக்கும் தமிழருக்கு வேறொரு நூல் நினைவுக்கு வராமல் போகாது. நிலத்துக்கு நிலம் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று கருப்பொருள்களைப் பிரித்து வைத்த தொல்காப்பியரும் ஒருவகையில் அட்டவணை தந்தவரே. குறிஞ்சியில் கதை நடந்தால் என்னென்ன கைக்குக் கிடைக்கும் என்று அவர் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார். பகடை ஒன்றுதான் குறைவு.

அட்டவணைகளைக் கணினியிடம் ஒப்படைப்பது அடுத்த படி. 1984-இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் உருவாக்கிய எலைட் என்ற விளையாட்டு, 32 கிலோபைட் நினைவகம் மட்டுமே கொண்ட பிபிசி மைக்ரோ கணினியில் எட்டு விண்மீன் மண்டலங்களை, மண்டலத்துக்கு 256 உலகங்களாகக் காட்டியது. எந்த உலகமும் உள்ளே சேமித்து வைக்கப்படவில்லை. ஒரு விதை எண்ணைக் கொடுத்தால் கணக்கு ஓடி, அதே பெயரும் அதே வளமும் கொண்ட அதே உலகம் மறுபடி முளைக்கும். விதை என்ற சொல் இங்கே மிகவும் பொருத்தமானது. இன்றுள்ள ஊர் உருவாக்கும் மென்பொருள்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவையே.

நாங்கள் நால்வர். சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், முடிச்சூர் என்று தாம்பரத்தைச் சுற்றி நான்கு திசையில் வசிக்கிறோம். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடியறையில் கூடி இந்த ஆட்டத்தை ஆடி வருகிறோம். எங்களுக்கு நடுத்தர வயது கடந்துவிட்டது. சங்கப் பாடல்களையும் நாவல்களையும் பற்றிப் பேசத் தொடங்கிய கூட்டம் எப்படிப் பகடைக்கு வந்து சேர்ந்தது என்பது தனிக் கதை. இங்கே சொல்ல வந்தது, ஊர் படைக்கும் மென்பொருள்களோடு நாங்கள் பழகியதையும், எங்கள் பக்கத்து ஊர் ஒன்றை அவற்றிடம் கேட்டபோது எழுந்த கேள்விகளையும் பற்றி.

ஓலெக் டோல்யா என்பவர் 2017-இல் வெளியிட்ட இடைக்கால நகர உருவாக்கி எங்களுக்கு மிகவும் பிடித்தது. பொத்தானை அழுத்தியதும் மதில், வாயில், கோட்டை, சந்தை, தேவாலயம், நெருங்கிய வீடுகள் என்று ஒரு நகரத்தின் வரைபடம் திரையில் விரியும். மறுபடி அழுத்தினால் வேறொரு நகரம். அதன் உள்வேலை அழகானது. முதலில் சில புள்ளிகள் தூவப்படுகின்றன. பிறகு ஒவ்வோர் இடமும் தனக்கு மிக அருகிலுள்ள புள்ளியோடு சேர்க்கப்படுகிறது. குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர் என்று ரயில் நிலையங்களைப் புள்ளிகளாக வைத்து, எந்த வீட்டுக்காரர் எந்த நிலையத்துக்கு நடந்துபோவார் என்று படத்தில் கோடு கிழித்தால் என்ன கிடைக்குமோ அதுதான். வோரோனோய் என்ற கணித அறிஞரின் பெயரால் இந்தப் பிரிப்பு வழங்குகிறது. அப்படிக் கிடைத்த துண்டுகளுக்குப் பிறகு தொழில் பங்கிடப்படுகிறது: இது கைவினைஞர் பகுதி, இது வணிகர் பகுதி, இது செல்வர் பகுதி, இது சேரிப் பகுதி.

இந்த மென்பொருளின் மூலநிரலை அதன் ஆசிரியர் யாவரும் படிக்கத் திறந்து வைத்தார். எங்களுள் நிரல் எழுதும் தொழிலில் உள்ளவர் அதைப் படித்துக் காட்டினார். வணிகர் பகுதி நடுச்சதுக்கத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கமுடியுமோ அவ்வளவு அருகில் அமைய வேண்டும். செல்வர் பகுதி பூங்காவை ஒட்டியிருக்க விரும்பும். சேரியை ஒட்டியிருக்க விரும்பாது. சேரிப் பகுதி நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கமுடியுமோ அவ்வளவு தள்ளி. மூன்று விதிகளும் சேர்ந்து பத்து வரிக்குமேல் இரா. ஐரோப்பிய நகரங்களைப் பார்த்து எழுதிய விதிகள். அந்த அளவில் உண்மையானவையும்கூட. அவற்றைப் படித்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த விதிகளை நம் ஊருக்குப் பெயர்த்து எழுதத் தொடங்கியபோதுதான் பேச்சு தடித்தது. அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் பெயர்கள். மதிலும் கோட்டையும் போதும், இனி நம் பக்கத்து ஊர் ஒன்றில் ஆடுவோம் என்று தீர்மானித்தவுடன் ஊர்ப்பெயர் தேவைப்பட்டது. பெயர் உருவாக்கும் நிரல்கள் பெரும்பாலும் மார்க்கோவ் சங்கிலி என்ற முறையில் இயங்குகின்றன. ரஷ்யக் கணிதர் ஆந்திரேய் மார்க்கோவ் 1913-இல் புஷ்கினின் செய்யுள் நாவலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, உயிருக்குப் பின் மெய் எத்தனை முறை, மெய்க்குப் பின் உயிர் எத்தனை முறை என்று கையால் எண்ணினார். எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வருகிறது என்ற அந்தக் கணக்கைப் பின்பற்றினால், இல்லாத சொல்லையும் இருக்கும் சொல்லின் சாயலில் கோக்கலாம்.

எங்கள் சுற்றுவட்டாரப் பெயர்களை ஊட்டினோம்: சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், மேடவாக்கம், வேங்கைவாசல், இரும்புலியூர், முடிச்சூர், மண்ணிவாக்கம், நெடுங்குன்றம், கடப்பேரி, பீர்க்கன்காரணை. முதலில் வெளிவந்தவை படிக்கவே முடியாதவை. சொல்லின் முதலில் துணைக்கால் நின்றது. கொம்பு ஒன்று எழுத்தில்லாமல் தனியே தொங்கியது. காரணம் எளிது. ஒருங்குறியில் நம் 'கி' ஓர் எழுத்தன்று. ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு குறிகள். கணினி அவற்றைத் தனித்தனியே எண்ணுகிறது. ஓப்பன்-தமிழ் என்ற நிரலகத்தின் உதவியால் சொல்லைத் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துக் கொடுத்த பின் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. சொல்லுக்கு முதலாகும் எழுத்துகள் எவை, ஈறாகும் எழுத்துகள் எவை, எந்த மெய்யின் பின் எந்த மெய் மயங்கும் என்று நம் இலக்கண நூல்கள் வகுத்தவையெல்லாம் பெயர் கோக்கும் நிரலுக்கு நேரே எடுத்துக் கொடுக்கக்கூடிய விதிகள் என்பதை அன்று கண்டோம். பள்ளியில் மெய்ம்மயக்கம் மனப்பாடம் செய்தபோது இப்படி ஒரு பயன் இருக்கும் என்று எவர் நினைத்தார்?

மாடவாக்கம், இரும்பாக்கம், மண்ணிவாசல், செம்புலியூர் என்று பெயர்கள் வரிசையாக வந்தன. எங்கேனும் இருந்தாலும் இருக்கலாம் என்று தோன்றும்படி இருந்தன. செம்புலியூரைத் தேர்ந்தெடுத்தோம்.

அடுத்து ஊரின் அமைப்பு. இங்கே மதிலை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. செங்கற்பட்டுச் சீமையின் ஊர் மதிலைச் சுற்றி வளர்ந்ததன்று; ஏரிக்குக் கீழே வளர்ந்தது. வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, கரை எந்தப் பக்கம், மதகு எத்தனை, மிகுநீர் வழியும் கலங்கல் எங்கே என்பவை முடிவானால், வயல் எங்கே வரும், வீடு எங்கே வரும் என்பது தானாக முடிவாகிவிடும். ஆகவே எங்கள் நிரல் முதலில் மேட்டையும் பள்ளத்தையும் தீர்மானிக்கிறது, பிறகு ஏரி, பிறகுதான் தெரு. இந்த வரிசையில் மூன்றாம் இடத்துக்கு வந்த தெரு, மதில் நகரத்தின் தெருவைப்போல் இல்லை. எங்கள் அன்பர்களில் மூவர் சிறுவயதில் பார்த்த ஊரைப்போல் இருந்தது.

காரணம் முந்த வேண்டும், மனிதர் பிந்த வேண்டும் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள் உருவாக்கி 2006-இல் முதன்முதல் வெளியிட்ட ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற விளையாட்டு, ஆடுபவரை உள்ளே விடுவதற்கு முன் பல நூற்றாண்டு வரலாற்றைத் தனக்குள் நடத்தி முடிக்கிறது. நிலம் உருவாகி, மழை பெய்து, ஆறு அரித்து, அரசுகள் தோன்றி, போரிட்டு, அழிந்த பிறகே ஒரு குள்ளனின் பெயர் திரைக்கு வருகிறது. அவன் ஏன் ஒற்றைக்கண்ணன் என்று கேட்டால் அதற்கொரு போர் இருக்கும்.

தாம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கு வசிப்பவர்களைப் பகடையிட்டுப் படைத்தால் காற்படையிலும் வான்படையிலும் பணிபுரிந்தவர், பேராசிரியர், செவிலியர், ரயில் ஊழியர், ஏற்றுமதி ஆலைத் தொழிலாளி என்று ஒரு கலவை வரும், பொருத்தமாகவே இருக்கும். ஆனால் அவர்கள் ஏன் இங்கே? 1928-இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து காசநோயாளிகளுக்கு இங்கே மருத்துவமனை தொடங்கினார். இன்று சானடோரியம் ஒரு ரயில் நிலையத்தின் பெயர். 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தது. 1984-இல் ஏற்றுமதி வளாகம் வந்தது. குரோம் தோல் ஆலையின் பெயரைத் தாங்கி ஒரு பேட்டை நிற்கிறது. தண்டவாளம் ஊரைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக அறுத்தது. இன்றும் முகவரி எழுதும்போது அந்த வெட்டைக் குறிப்பிடாமல் முடியாது. 2021-இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகி மாநகராட்சி ஆயின. இத்தனை காரணங்களில் ஒன்றை எடுத்துவிட்டாலும் எங்கள் நால்வரில் ஒருவர் இங்கே இருந்திருக்கமாட்டார். ஆர்.கே. நாராயண் தம் மால்குடியை ஒரு சின்னஞ்சிறு ரயில் நிலையத்திலிருந்து தொடங்கியது தற்செயலாக இருக்கலாம். தாம்பரத்தில் வசிப்பவர்களுக்கு அது மிகச் சரியான தொடக்கமாகத் தெரியும்.

இப்போது மனிதர்கள். செம்புலியூருக்கு ஏரி வந்துவிட்டது, தெரு வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு யார் என்று நிரலிடம் சொல்ல வேண்டும். ஐரோப்பியக் கற்பனை உலகில் இந்த வேலையில் சங்கடம் இல்லை. நூற்றுக்கு எழுபது மனிதர், பதினைந்து குள்ளர், பத்து வனதேவதை. இவர்களுக்குள் தொழில் இன்ன விகிதம். அந்த இடத்தில் நாங்கள் உழவர், கணக்குப்பிள்ளை, கொல்லர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர், தலையாரி, வெட்டியான், நீர்க்கட்டி என்று எழுதத் தொடங்கினோம். பாதியிலேயே எழுதுகிறவரின் கை நின்றுவிட்டது. எங்கள் கண்முன் இருந்தது தொழில் பட்டியலன்று; சாதிப் பட்டியல். அதன் பக்கத்தில் விழுக்காடு. அதற்கும் பக்கத்தில், ஊர் நடுவிலிருந்து எவ்வளவு தூரம்.

இந்தப் பட்டியலுக்கு முன்னோடி வெகு அருகிலேயே உண்டு. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி 1763-இல் பெற்ற செங்கற்பட்டு ஜாகீரை, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அளந்தார். ஏறக்குறைய 2,000 ஊர்கள். ஒவ்வோர் ஊருக்கும் நன்செய், புன்செய், ஏரி, தோப்பு, வீடுகள், வீட்டில் இருப்போரின் சாதியும் தொழிலும், விளைச்சலில் யார் யாருக்கு எவ்வளவு மேரை என்ற கணக்கு. ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதியதைக் கொண்டு செய்த வேலை இது. அந்த ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அறிஞர் தரம்பால் இந்தப் பதிவுகளை ஆராய்ந்து பலர் கவனத்துக்குக் கொண்டுவந்தார். களத்தில் நெல்லை அளக்கும்போதே கோவிலுக்கும் கொல்லருக்கும் ஏரிப் பராமரிப்புக்கும் பங்கு ஒதுக்கிய ஏற்பாட்டை அவற்றில் காணலாம். ஓர் ஊரை முழுதாகப் படைக்கத் தேவையான தரவு இதைவிட நல்லதாக உலகில் அதிக இடங்களில் கிடைக்காது. கற்பனை ஊருக்கு விதையாக அதை வைத்தாலென்ன என்று எங்களுள் மூத்தவர் கேட்டார்.

முடிச்சூரில் வசிக்கும் அன்பர் அதற்கு விடையாக ஒன்றே கேட்டார். "பகடை போட்டு எங்க பாட்டிய மறுபடியும் ஊருக்கு வெளியே அனுப்பப் போறீங்களா?"

அவருடைய பாட்டி செங்கற்பட்டுப் பக்கத்துச் சேரி ஒன்றில் பிறந்தவர். மாடியறையில் சற்று நேரம் மின்விசிறியின் ஒலி மட்டுமே கேட்டது. மூத்தவர் தம் பக்கத்தை விடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். "வெளியே வச்சது நடந்ததுதானேப்பா? அதை எடுத்துட்டா, அவங்களை வச்சவங்களும் தப்பிச்சுடறாங்களே."

இரண்டும் நியாயமே. சாதியே இல்லாத ஒரு தமிழூரை வரைந்து, அதற்கு ஏரியும் கோவிலும் வைத்து, அழகு பார்ப்பது ஒரு வகைப் பொய். விழுக்காடு எழுதிப் பகடையிடுவது வேறு வகைப் பொய். ஏனெனில் பகடை விழுந்தபடி ஊர் அமைந்தது என்று அது சொல்கிறது. நம் பழைய இலக்கியமும் இந்தக் கேள்விக்கு வெளியே இல்லை. சிலப்பதிகாரத்தின் புகார் இரண்டு பாக்கங்களாகப் பிரிந்தது. மருவூர்ப்பாக்கத்தில் யவனரும் வணிகரும் கைவினைஞரும், பட்டினப்பாக்கத்தில் அரசரும் அந்தணரும் பெருங்குடி வணிகரும், இடையில் நாளங்காடி. யார் எங்கே என்பது மிக நுட்பமாகச் சொல்லப்படுகிறது. ஏன் அங்கே என்பதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். செம்பாக்கத்திலும் மாடம்பாக்கத்திலும் அந்தப் பழஞ்சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்று ஞாயிறுகள் ஆட்டமே நடக்கவில்லை, பேச்சுதான். கடைசியில் வழி சொன்னவர் முடிச்சூர் அன்பரே. டோல்யாவின் நிரலில் சேரிப் பகுதி தள்ளியிருக்க வேண்டும் என்ற விதிக்கு எழுவாய் இல்லை என்றார் அவர். அது தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான், மழை பெய்வதுபோல. யார் தள்ளினார்கள் என்று நிரலுக்குத் தெரியாது. எங்கள் நிரலில் எழுவாய் இல்லாத வாக்கியம் இருக்கக்கூடாது. ஒரு தெரு ஊரைவிட்டுத் தள்ளி அமையலாம். ஆனால் அப்படி அமைக்கும்போதே எந்த வீடுகள் அதைத் தள்ளிவைத்தன, அதனால் அவற்றுக்கு என்ன ஆதாயம் என்ற இரண்டு கட்டங்களும் நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் தெரு அமையாது. யாராவது ஒருவர் கையில் கதவு இருந்தால்தான் கதவு சாத்தப்படும்.

இந்த ஒரு விதி மற்ற அட்டவணைகளையும் மாற்றிவிட்டது. முன்பு ஆளுக்கு ஒரு பெயர், ஒரு தொழில், ஒரு விநோதப் பழக்கம் என்று படைத்துவந்தோம். கிடைத்தது கூட்டம், ஊரன்று. இப்போது முதலில் படைக்கப்படுவது உறவு. யார் யாருக்கு நெல் கடன்பட்டிருக்கிறார், யாருடைய வயலுக்கு யார் கையால் தண்ணீர் திரும்புகிறது, யார் யாரிடம் பேச்சை நிறுத்தி எத்தனை ஆண்டு, எதனால். இந்தக் கோடுகளை வரைந்து முடித்த பிறகே முனைகளில் மனிதர்கள் வைக்கப்படுகிறார்கள். பர்னார்டு காலத்து ஓலைகளிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது விழுக்காட்டை அல்ல, மேரைக் கணக்கை. எவர் விளைச்சல் எவர் வீட்டுக்குப் போகிறது என்பதே ஊரைக் கட்டும் நூல்.

இந்த முறையில் முளைத்த செம்புலியூரில் ஆட்டம் தொடங்கியது ஒரு மழைக்காலத்தில். ஆடுபவர்கள் மூவரும் புதையல் தேடி வந்த வெளியூர்ப் பாத்திரங்கள். ஊரின் நீர்க்கட்டி ஒரு விதவை; பெயர் பூங்காவனம். கணவர் இறந்தபின் அந்த வேலை அவள் கைக்கு வந்தது. வசிப்பது தள்ளியிருக்கும் தெருவில். கலங்கலை ஒன்றரை முழம் உயர்த்திக் கட்டியவர் கீழ்மதகுப் பாசனக்காரர். கூடுதல் நீர் அவர் வயலுக்கு. அவருக்கு அவள் நெல் கடன்பட்டிருக்கிறாள். ஏரி நிறைந்தால் உடையும் இடம் கரையின் தென்முனை. அதன் நேர்கீழே அவள் தெரு. இவற்றுள் எதையும் நாங்கள் கதையாக யோசித்து எழுதவில்லை. தனித்தனி அட்டவணைகளில் இருந்த நான்கு வரிகளை நிரல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது.

புதையல் அன்று மறந்துபோயிற்று. வாள்வீரர் கலங்கலின் மேற்கட்டை இடிக்கலாம் என்றார். இடித்தால் பூங்காவனத்தின் கடனை உடனே கேட்பார்களே என்றார் திருடர். நீர் கரைமட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பகடையிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவான அந்த இரவை முதல் மாடியில் கழித்தவர் முடிச்சூர் அன்பர். அடையாற்றுக் கரைப் பகுதிகளில் தண்ணீர் எப்படி ஏறியது என்பது அவருக்குத் தெரியும். அவர் அந்த ஞாயிறு ஆட்டத்தை நடத்தவில்லை, ஆடினார். மந்திரவாதியான அவர் ஒரு மந்திரமும் போடவில்லை. கீழ்மதகுக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டி, திண்ணையில் உட்கார்ந்து, நீங்கள் கட்டிய கட்டு, நீங்களே இடியுங்கள் என்று கேட்டார். பேச்சு ஒரு மணி நேரம் நீண்டது. அவர் இடித்தாரா என்பதை இங்கே சொல்வதற்கில்லை. எங்கள் நால்வருக்குள்ளேயே அந்த முடிவைப் பற்றி இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் தட்டவேண்டிய கதவு எது என்று அனைவருக்கும் தெரிந்திருந்தது. பழைய அட்டவணையில் அந்தக் கதவே இருந்திராது.

இன்று மொழி மாதிரிகளிடம் கேட்டால் நூறு பேரை நொடியில் தருகின்றன. பெயர், முகம், பேச்சுவழக்கு, துயரமான கடந்த காலம் எல்லாவற்றோடும். கேட்டுப் பார்த்தோம். ஒவ்வொருவரும் தனித்தனியே சுவையானவர்தான். ஆனால் ஒருவர் வாழ்வில் மற்றொருவர் குறுக்கிடவில்லை; நூறு பேரில் எவருக்கும் எவரும் ஒரு மரக்கால் நெல் தரவேண்டியதில்லை. எங்கள் உறவுக் கணக்கை முதலில் கொடுத்து, அதன்மேல் எழுதச் சொன்னால் நன்றாகவே எழுதுகிறது. கருவிகள் மாறினாலும் கேட்கவேண்டிய கேள்வியை நாம்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

இப்படி ஊர் படைத்துப் பழகியதில் ஒரு பக்கவிளைவு உண்டு. வெளியே நடக்கும்போதும் எழுவாயைத் தேடுகிறோம். குறுகிய மழைநீர்க் கால்வாயைக் கண்டால், சுரங்கப்பாதையில் தேங்கிய நீரைக் கண்டால், குப்பை கொட்டுமிடம் எந்தத் தெருவின் முனையில் அமைந்திருக்கிறது என்று கண்டால், இது அமைந்தது என்று சொல்ல வாய் வருவதில்லை. செம்புலியூரில் நூற்றுப்பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன. நாங்கள் தட்டியது இருபத்தேழு. மழைக்காலம் முடிவதற்குள் தென்முனைத் தெருவை முடித்துவிட வேண்டும் என்று எண்ணியிருக்கிறோம்.